வெறுங்கால்கள் எழுதிய வரிகள்

(பெங்களூரு அடுகோடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'ஒலிம்பிக் வரலாறும் சாதனைகளும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். உலகத்தையே சுற்றி வர வேண்டிய தலைப்பு. நான் நம் வாசற்படியிலிருந்து புறப்படுகிறேன். இந்த அடுகோடியிலிருந்து ஒரு பக்கம் நடந்தால் ஆஸ்டின் டவுன் கால்பந்து மைதானம். இன்னொரு பக்கம் நடந்தால் கோரமங்கலாவில் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய குடியிருப்பு. ஆட்டக்காரர்கள் வந்து தங்கிப் போய் இத்தனை வருஷம் ஆகியும் அதற்கு நேஷனல் கேம்ஸ் வில்லேஜ் என்றுதான் பெயர். ஆட்டோக்காரரிடம் 'என்.ஜி.வி.' என்று சொன்னால் போதும், கொண்டுபோய் விடுவார். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு, ஒலிம்பிக் என்பது எங்கோ கடலுக்கு அப்பால் நடப்பது, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை டி.வி.யில் வருவது என்று நாம் இருந்துவிடலாமா?

உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவுக்காக முதல் கோல் போட்டவர் யார்? யோசித்துப் பாருங்கள். கல்கத்தாக்காரரா? கோவாக்காரரா? பதிலை நான் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன். அதற்கு முன் உங்களை ஒரு சமையற்காரரிடம் அழைத்துப் போக வேண்டும்.

கிரேக்க நாட்டில் ஒலிம்பியா என்று ஒரு ஊர். கி.மு. 776இல் அங்கே நடந்த ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் முதலில் வந்தார். பெயர் கொரோய்பஸ். எலிஸ் என்ற பகுதியைச் சேர்ந்தவர். தொழில், சமையல். அவர் ஓடிய தூரம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 192 மீட்டர். எத்தனை நொடியில் ஓடினார்? யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் நொடி காட்டும் கடிகாரம் இல்லை, ஓட்டத்தின் நேரம் குறிக்கும் பழக்கமும் இல்லை. வென்றவனுக்கு ஆலிவ் இலையில் ஒரு வளையம் சூட்டினார்கள். அந்த இலை சில நாளில் வாடி உதிர்ந்திருக்கும். ஆனால் 2800 ஆண்டுகள் கழித்து, கிரேக்கத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இந்த அடுகோடியில் நின்றுகொண்டு அந்தச் சமையற்காரரின் பெயரை நான் சொல்கிறேன். எப்படிச் சொல்ல முடிந்தது?

அவருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் அதே எலிஸில் ஹிப்பியாஸ் என்று ஓர் அறிஞர் இருந்தார். ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் யார் வென்றார் என்று விசாரித்து, பழைய குறிப்புகளைத் திரட்டி ஒரு பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலால்தான் கொரோய்பஸ் பிழைத்தார். ஓடியவன் செய்தது சாதனை. உட்கார்ந்து எழுதியவன் செய்தது பதிவு. இன்றைக்கு நான் பேச வந்தது இந்த இரண்டையும் பற்றித்தான். சாதனை செய்ய நம்மிடம் ஆள் இருந்தார்கள், ஐயா. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

இப்போது நம் காலத்து ஒலிம்பிக்குக்கு வருவோம். 1896இல் ஏதென்ஸில் மறுபடி தொடங்கியது. 14 நாடுகள், ஏறத்தாழ 240 பேர், அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் கலந்துகொண்டது அடுத்த ஒலிம்பிக்கில், 1900 பாரிஸில். முதலிடம் பெற்றவருக்கு ஏதென்ஸில் என்ன பதக்கம் கொடுத்தார்கள் தெரியுமா? வெள்ளி. இரண்டாமவருக்கு வெண்கலம், மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904இல்தான் வந்தது. மாரத்தான் ஓட்டத்தின் தூரமும் முதலிலிருந்தே 42.195 கிலோமீட்டராக இருக்கவில்லை. அந்தத் தூரத்தை ஓடியது 1908 லண்டனில். பிறகுதான் அதுவே நிலையானது. நாம் கல்லில் வெட்டியது போல நினைக்கும் பல கணக்குகள் இப்படி வழியில் சேர்ந்தவைதான்.

நொடிக் கணக்கும் அப்படியே. ஆரம்பத்தில் கையில் பிடித்த கடிகாரம். பிறகு மின்கருவி, புகைப்படக் கருவி. 1972இல் மியூனிக்கில் 400 மீட்டர் கலப்பு நீச்சல் போட்டி. ஸ்வீடன் வீரர் குன்னர் லார்சன், அமெரிக்க வீரர் டிம் மெக்கீ இருவரும் ஒரே கணத்தில் சுவரைத் தொட்டார்கள். நொடியின் நூறில் ஒரு பங்கு வரை பார்த்தார்கள், சமம். ஆயிரத்தில் ஒரு பங்கு பார்த்தார்கள். லார்சன் இரண்டு பங்கு முன்னால். அவருக்குத் தங்கம்! நீச்சல் குளத்தின் சுவரில் பூச்சு ஓரிடத்தில் கொஞ்சம் கனமாக இருந்தாலே அந்த வித்தியாசம் வந்துவிடும். அதனால் நீச்சலில் பிறகு ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கையே விட்டுவிட்டார்கள்.

நூறில் ஒரு பங்கு என்றதும் உங்கள் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. ஆமாம், பி.டி. உஷா. 1984 லாஸ் ஏஞ்சலஸ், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41 நொடி. நம் உஷாவுக்கு 55.42. அன்று ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு இன்றும் நெஞ்சில் குத்தும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பதக்கம் பெறாத உஷா நமக்கு நினைவிருக்கிறார். 1960 ரோமில் நான்காவதாக வந்த மில்கா சிங் நினைவிருக்கிறார். ஏன்? அவர்களைப் பற்றி எழுதினார்கள், பேசினார்கள், பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொன்னார்கள். அப்படி எழுதப்படாத ஒருவரிடம் இப்போது உங்களை அழைத்துப் போகிறேன்.

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக். இல்ஃபோர்டில் கிரிக்கிள்ஃபீல்ட் என்ற மைதானம். நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. எதிரே பிரான்ஸ். நம் அணிக்குத் தலைவர் நாகா மலையிலிருந்து வந்து கல்கத்தாவில் டாக்டருக்குப் படித்த தாலிமெரென் ஆவ். நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். சிலர் துணிப்பட்டை சுற்றியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள்.

முப்பதாவது நிமிஷத்தில் பிரான்ஸ் கோல் போட்டது. நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டும் வீணாயிற்று. இரண்டையும் போட்டிருந்தால் கதையே வேறு! ஆனாலும் நம்மவர்கள் தளரவில்லை. எழுபதாவது நிமிஷம். ஒருவர் பந்தை வலைக்குள் அடித்தார். ஒன்றுக்கு ஒன்று. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது பிரான்ஸ் இன்னொன்று போட்டு வென்றது. அது இருக்கட்டும். அந்த முதல் கோலைப் போட்டவர் யார்?

சாரங்கபாணி ராமன். பெங்களூர்க்காரர்.

இன்னொரு முறை சொல்கிறேன், பின்வரிசைத் தம்பிகளுக்கும் கேட்கட்டும். சாரங்கபாணி ராமன், நம் பெங்களூர்க்காரர்! இந்த நகரத்து மண்ணில் வெறுங்காலில் பந்தடித்துப் பழகியவர், கப்பலில் வந்த விளையாட்டை அந்தக் கப்பல்காரர்களின் தேசத்துக்கே போய் ஆடிக் காட்டினார். அவரோடு அந்த 1948 அணியில் அகமது கான், தன்ராஜ், வஜ்ரவேலு, வரதராஜ் என்று இந்தப் பக்கத்து ஆட்டக்காரர்கள் இன்னும் பலர் இருந்தார்கள். பெயர்களைக் கேளுங்கள். ஒரே தெருவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் பெயர்கள் மாதிரி இல்லையா?

எப்படி வந்தார்கள் இத்தனை பேர்? தண்டு என்று நம் பாட்டிமார்கள் சொன்ன கன்டோன்மென்ட்தான் காரணம். வெள்ளைக்காரப் பட்டாளம் பந்தாடியது. சுற்றி நின்று பார்த்த நம் பிள்ளைகள், வெளியே வந்த பந்தை உதைத்துப் பழகினார்கள். பட்டாளத்துக்கு வேலை செய்ய வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், உருது பேசும் குடும்பங்கள், கன்னடக் குடும்பங்கள் எல்லாம் ஒரே மைதானத்தில் கலந்தன. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாய்க்குப் போய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அந்தக் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி அதுதான். அதற்கு முன்பெல்லாம் பட்டாள அணிகளே வென்றுகொண்டிருந்தன. மறு ஆண்டும் நம்மவர்களே வென்றார்கள். 1946-47இல் மைசூர் அணி மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியை எடுத்தது. 1952-53இல் மறுபடியும். 1967-68, 1968-69 என்று அடுத்தடுத்து இரண்டு முறை. அதற்குப் பிறகு அந்தக் கோப்பை கர்நாடகத்துக்குத் திரும்பி வர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ராமனோடு லண்டனுக்குப் போன இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ஹென்றி ரெபெல்லோ. இந்த நகரத்தில் வளர்ந்தவர், இருபது வயதுகூட நிரம்பாதவர். மும்முறை தாண்டலில் பதக்கம் எடுப்பார் என்று பேசப்பட்டவர். இறுதிச் சுற்றுக்கும் வந்துவிட்டார். ஓடி வந்து தாண்டும்போது தொடைத் தசை கிழிந்து மண்ணில் விழுந்தார். ஒரே வாரத்துக்குள், ஒரே லண்டனில், பெங்களூரின் இரண்டு பிள்ளைகள். ஒருவர் கோல் போட்டும் அணி தோற்றது. ஒருவரால் தாண்ட முடியாமலே போயிற்று. பதக்கப் பட்டியலில் இருவருக்கும் இடமில்லை.

அடுத்தது 1952 ஹெல்சிங்கி. இதைச் சொல்ல எனக்கே வருத்தம்தான், ஆனால் மறைக்கக் கூடாது. யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. குளிர் தேசம், வெறுங்கால், எதிரே அந்தக் காலத்தின் மிக வலிமையான அணிகளில் ஒன்று. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இந்திய ஆட்டக்காரர்கள் பூட்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று விதி வந்தது. பத்து கோல் வாங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒரு கோலைப் போட்டவர் யார் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? அகமது கான். அவரும் பெங்களூர்க்காரர். கல்கத்தா ஈஸ்ட் பெங்காலில் 'பஞ்ச பாண்டவர்' என்று புகழ்பெற்ற ஐந்து முன்கள ஆட்டக்காரர்களில் ஒருவர். அந்த ஐவரில் நம் தன்ராஜும் உண்டு. ஆக, ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலும் பெங்களூர்க்காரர் போட்டது, இரண்டாவது கோலும் பெங்களூர்க்காரர் போட்டது! இதை நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

வெறுங்கால் என்றால் கேவலம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எட்டு ஆண்டுகள் கழித்து, 1960 ரோமில், எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 42 கிலோமீட்டரும் வெறுங்காலில் ஓடி, உலகிலேயே அதுவரை யாரும் ஓடாத வேகத்தில் மாரத்தானை வென்றார். 1964 டோக்கியோவில் காலணி போட்டு ஓடினார், அப்போதும் வென்றார். அவரைப் பற்றி உலகம் புத்தகம் எழுதியது, படம் எடுத்தது. நம் வெறுங்கால்களுக்கு அப்படி ஒரு கை வாய்க்கவில்லை.

1956 மெல்போர்ன்தான் நம் கால்பந்தின் உச்சம். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசியர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதல் முறை. நான்காவது கோல் கிட்டு என்கிற கிருஷ்ணசாமியுடையது. பயிற்சியாளர் ஹைதராபாத் ரஹீம் சாகிப். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 4-1, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று நான்காம் இடம். அந்த அணியிலும் பெங்களூர் உண்டு, கெம்பையா. 1960 ரோமுக்கும் அவர் போனார்.

ரோமில் பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்தோம். ஹங்கேரியிடம் 2-1, பெருவிடம் 3-1 என்று தோற்றோம். அதோடு முடிந்தது. 1960க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா இதுவரை தகுதி பெறவில்லை. நான்கு ஒலிம்பிக்கிலும் சேர்த்து நாம் போட்டது மொத்தம் பத்து கோல். அந்தப் பத்தாவது கோல், பெருவுக்கு எதிராகப் போட்ட அந்தக் கடைசிக் கோல், அதை அடித்தவர் யார்?

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் கேட்டால் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் என்கிறார்கள். பின்னாளில் பயிற்சியாளராகி 1973இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபியை வாங்கித் தந்தவர். இன்னொரு பக்கம் கேட்டால் துளசிதாஸ் பலராமன் என்கிறார்கள். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பெரிய ஆட்டக்காரர், 2023இல் காலமானார். இருவரும் அந்த அணியில் ஆடியவர்கள். இருவருமே நமக்கு வேண்டியவர்கள். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் நினைத்துப் பாருங்கள். கி.மு. 776இல் ஓடிய சமையற்காரரின் பெயரில் சந்தேகமில்லை. 1960இல், எத்தனையோ பேர் கண்ணால் பார்த்த ஆட்டத்தில், நம் தாத்தாக்கள் காலத்தில், ஒரு கோலுக்கு இரண்டு பெயர் நிற்கிறது! இது யார் குற்றம்? ஆடியவர்கள் குற்றமா? எழுதாத நம் குற்றம் இல்லையா?

நம் நாட்டின் மிகப் பழைய ஒலிம்பிக் பதக்கத்துக்கும் இதே கதிதான். 1900 பாரிஸில் கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிச்சர்ட் இரண்டு வெள்ளி வென்றார். அவர் இந்தியாவுக்காக ஓடினாரா, இங்கிலாந்துக்காக ஓடினாரா என்று இன்றும் வாதம் நடக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு இந்தியக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. அதையும் சேர்த்தால், 2024 பாரிஸ் வரை இந்தியாவின் பதக்கம் 41. அதில் தங்கம் பத்து, அந்தப் பத்தில் எட்டு ஹாக்கி. 1980 மாஸ்கோவில் வந்த எட்டாவது தங்கத்துக்கு அணித் தலைவர் சென்னையின் வி. பாஸ்கரன் என்பதையும் இந்த இடத்தில் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறேன்.

வேறு யார் இருக்கிறார்கள் நம் பக்கத்தில்? தங்கவயலில் பிறந்த கென்னத் பவல். பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே 1964 டோக்கியோவில் தொடர் ஓட்டத்தில் அரையிறுதி வரை ஓடியவர். அதே ஐ.டி.ஐ.யின் கால்பந்து அணி 1977இல் முதல் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை வென்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் வென்ற அணியில் நம் அருமைநாயகம் இருந்தார். போலியோவால் உடல் தளர்ந்தும் பாராலிம்பிக் வரை போன மாலதி ஹொள்ளா இந்த ஊர்ப் பெண். சேலம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கிய பிள்ளை, பெங்களூருக்கு வந்து சத்யநாராயணா என்ற பயிற்சியாளரிடம் பழகித்தான் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம். காய்கறி விற்று அவரை வளர்த்த தாய்க்கு இந்த அவை எழுந்து நின்று கைதட்டினாலும் தகும்.

எழுதி வைப்பது நமக்குப் புதிய பழக்கமா, அன்பர்களே? போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டுப் பெயரும் ஊரும் பொறித்தவர்கள் நம் முன்னோர்கள். இங்கிருந்து ஓசூர் ரோட்டில் போய் பேகூருக்குத் திரும்பினால் நாகேஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு வீரக்கல்லில் பழைய கன்னடத்தில் சில வரி. கி.பி. 890 வாக்கில் வெட்டியது. 'பெங்களூர்ச் சண்டையில்' ஒருவன் செத்தான் என்று சொல்கிறது. இந்த நகரத்தின் பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்று அதுதான். ஒரு வீரனின் பெயரை மறக்கக் கூடாது என்று யாரோ ஒரு சிற்பி உளியைப் பிடித்ததால், நம் ஊரின் பெயருக்கே ஆயிரத்து நூறு ஆண்டு வயது தெரிந்தது.

அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பேலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், சந்தோஷமாக இருக்கும். பிரேசில்காரரை இவ்வளவு நேசிக்கும் ஊர் நம் ஊர். அந்த நேசத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் சாரங்கபாணி ராமனுக்கு ஒரு தெருப் பலகை வேண்டாமா? அகமது கானுக்கு ஒரு மைதான வாசல் வேண்டாமா? மாநகராட்சி வைக்கட்டும், அரசு வைக்கட்டும், கேட்போம், மனுக் கொடுப்போம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு அரசாணை வேண்டாம், பணம் வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு பழைய குழுப்படம் இருக்கும். கோடு போட்ட பனியனில் பதினொரு பேர், நடுவில் ஒரு பந்து, பந்தின் மேல் சுண்ணாம்பில் ஒரு வருஷம். அதில் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா ஒருவர்தான். அவர் கண் மங்குவதற்குள் அவர் பக்கத்தில் உட்காருங்கள். படத்தைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படம் கெடும். இடமிருந்து வலமாகப் பெயர், அணி, மைதானம், ஆண்டு. ஹாக்கியோ, கபடியோ, நீச்சலோ, எதுவானாலும் எழுதுங்கள். அம்மா, பாட்டி ஓடிய பந்தயம் இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு நீளக் கோட்டு நோட்டு வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் முதல் வரியை நான் எழுதிவிட்டேன். 1948 ஜூலை 31, லண்டன், சாரங்கபாணி ராமன். போகும்போது தெரிந்த பெயரை எழுதிவிட்டுப் போங்கள். தெரியாவிட்டால் தாத்தாவைக் கேட்டுக்கொண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தோடு வாருங்கள்.